பழைய ஆர்டிகுலேட்டட் மினி டிராக்டர் வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சாதாரண டிராக்டர் வாங்கப் போகிறவர் முதலில் எஞ்சின் சத்தத்தைத்தான் கேட்பார். அதில் தப்பில்லை. ஆனால் நடுவில் மடங்கித் திரும்பும் ஆர்டிகுலேட்டட் டிராக்டரையும் அப்படியே பார்த்தால் ஏமாந்துபோக வாய்ப்பு அதிகம். இந்த வண்டிகளில் எஞ்சின் பெரும்பாலும் பொதுச் சரக்கு. குபோட்டா, யான்மார், பெர்கின்ஸ், கோலர் என்று ஜெனரேட்டரிலும் வெல்டிங் மெஷினிலும் ஓடுகிற அதே எஞ்சின்தான் இதிலும் இருக்கும். பழுதானால் பாகம் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். நடு மூட்டு, ஹைட்ராலிக் பம்ப், சக்கர மோட்டார், கருவி மாட்டும் அமைப்பு ஆகியவை அப்படியல்ல. அவை அந்த கம்பெனிக்கு, சில சமயம் அந்த ஒரே மாடலுக்கு மட்டும் உரியவை. எஞ்சின் நன்றாக இருந்து மூட்டு போயிருந்தால் நீங்கள் வாங்கியது ஒரு எஞ்சின், அவ்வளவுதான்.

அதனால் இங்கே வரிசை தலைகீழ். முதலில் உங்கள் வேலை, அடுத்து கருவிகள், அப்புறம் மூட்டு, ஹைட்ராலிக். எஞ்சின் கடைசியில்.

எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஆர்டிகுலேட்டட் டிராக்டரில் முன் சக்கரங்கள் தனியாகத் திரும்பாது. வண்டியே முன்பாதி, பின்பாதி என இரண்டு துண்டு. நடுவில் செங்குத்தாக ஒரு இரும்பு முளை (பின்), அதன் பக்கத்தில் ஹைட்ராலிக் சிலிண்டர். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சிலிண்டர் நீண்டோ சுருங்கியோ வண்டியை இடுப்பில் மடக்கும். நான்கு சக்கரமும் ஒரே அளவு, நான்குக்கும் இழுவை உண்டு. மூட்டு இரண்டு அச்சுக்கும் சரிநடுவில் இருந்தால் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே வரும். சக்கரங்களைச் சறுக்கவிட்டுத் திரும்பும் ஸ்கிட் ஸ்டீயர் லோடர் போலப் புல்லைப் பிய்த்துப் போடாது. குறுகிய வரிசைகளிலும் கொட்டகைக்குள்ளும் எளிதாகத் திரும்பும்.

பல மாடல்களில் மூட்டுக்கு இன்னொரு அசைவும் உண்டு. முன்பாதி ஒரு பக்கம் சாய்ந்தாலும் பின்பாதி நேராக நிற்கும். மேடுபள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையிலேயே இருப்பது இதனால்தான். சில சிறு லோடர்களில் இந்த அசைவு இல்லை, மூட்டு திருப்ப மட்டும்தான். விளம்பரத்தில் இது தெளிவாக இருக்காது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய வண்டிச் சந்தையில் மூன்று குடும்பங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, லோடர் வகை. ஃபின்லாந்தின் அவான்ட் 1991-இல் தொடங்கிய நிறுவனம். ஜெர்மனியின் வைடமான் 1972-இலேயே ஹாஃப்ட்ராக் என்ற பெயரில் பண்ணைக்கான சிறு லோடரைக் கொண்டுவந்தது. ஷேஃபர், மல்டிஒன் இரண்டும் இதே இனம். அமெரிக்காவின் பவர் ட்ராக்கையும் இங்கேயே சேர்க்கலாம். முன்னால் தூக்கும் கை, அதில் பக்கெட், ஃபோர்க், புல்வெட்டி என்று எதையும் மாட்டலாம்.

இரண்டாவது, முன்பக்கம் கருவி மாட்டும் புல்வெளி வகை. ஸ்டைனர், வென்ட்ராக் இரண்டும் இதில் பிரபலம். இரண்டுக்கும் ஒரே குடும்பம்தான் மூலம். ஸ்டைனர் குடும்பத்தார் முதலில் உருவாக்கிய நிறுவனத்தை விற்றுவிட்டு, பிறகு வென்ட்ராக்கைத் தயாரிக்கும் நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். அதை 2020-இல் டோரோ நிறுவனம் வாங்கிக்கொண்டது. சரிவில் ஓட்டுவதுதான் இவற்றின் பலம். வென்ட்ராக் 4500 வரிசைக்கு இரட்டைச் சக்கரம் போட்டால் 30 டிகிரி சரிவு வரை ஓட்டலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார்.

மூன்றாவது, இத்தாலியத் தோட்ட வகை. அன்டோனியோ கராரோ, கோல்டோனி, பிசிஎஸ், ஃபெராரி, பாஸ்குவாலி. இந்த ஃபெராரிக்கும் கார் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை. திராட்சை, பழத்தோட்ட வரிசைகளுக்குள் புகுந்து வரச் செய்யப்பட்டவை. கியர்பாக்ஸ், பின்னால் மூன்று புள்ளி இணைப்பு, கருவிக்குச் சக்தி தரும் 540 சுற்று பி.டி.ஓ. தண்டு எல்லாம் சாதாரண டிராக்டர் போலவே இருக்கும். சில மாடல்களில் சீட்டையும் ஸ்டீயரிங்கையும் சுழற்றிப் பின்பக்கம் பார்த்து ஓட்டலாம். பிசிஎஸ், ஃபெராரி, பாஸ்குவாலி மூன்றும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை என்பதால் ஒரே வண்டி மூன்று நிறத்தில் வந்திருக்கும். பாகம் தேடும்போது இது பெரிய உதவி. ஆனால் இந்தக் கம்பெனிகள் முன்சக்கரம் திரும்பும் மாடல்களையும், நான்கு சக்கரமும் ஒரே அளவில், பார்க்க இதே போலவே செய்கின்றன. படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் மாடல் எண்ணை வைத்து உறுதி செய்யுங்கள். ஜெர்மனியின் ஹோல்டர் 1950களிலேயே இந்த முறையில் சிறு டிராக்டர் செய்தது. அவற்றில் சில இன்னும் ஓடுகின்றன, ஆனால் பாகம் தேடி அலைவதில் ஆசை உள்ளவருக்கு மட்டும்.

உங்கள் வேலைக்கு ஒத்துவருமா?

ஒரு தாளில் வருடம் முழுக்கச் செய்யும் வேலைகளை எழுதி, எதெது அடிக்கடி வரும் என்று குறியுங்கள். எரு அள்ளுவது, வைக்கோல் கட்டு தூக்குவது, மரப்பலகைப் பேலட் நகர்த்துவது, கொட்டகை சுத்தம், களை வெட்டுவது என்றால் லோடர் வகை. சரிவான நிலத்தில் புல்லும் புதரும் வெட்டுவதே பெரிய வேலை என்றால் இரண்டாம் வகை. வரிசைகளுக்கு நடுவே ரொட்டாவேட்டர் ஓட்டுவது, மருந்து அடிப்பது என்றால் மூன்றாம் வகை.

உழவு முதன்மையான வேலை என்றால் முதல் இரண்டையும் மறந்துவிடுங்கள். எடை குறைவு, இழுவை குறைவு. ஹைட்ராலிக்கில் ஓடும் சக்கரங்கள் நாள் முழுக்க முழு பாரத்தில் கலப்பை இழுக்கச் செய்யப்பட்டவை அல்ல, எண்ணெய் கொதித்துப்போகும். இதற்குச் சாதாரண டிராக்டரே மலிவு, அதுவே நல்லதும் கூட. வளர்ந்த பயிரின் மேல் கடந்துபோகும் வேலைக்கும் இவை ஆகாது. அடிவயிறு தரையோடு ஒட்டித்தான் இருக்கும்.

தூக்கும் எடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மடங்கும்போது நான்கு சக்கரத்துக்கு நடுவே எடை விழும் இடம் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. நேராக நின்று சுலபமாகத் தூக்கிய எடையே முழுதாக மடக்கிய நிலையில் வண்டியைக் கவிழ்த்துவிடும். விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் நேராக நிற்கும்போது தூக்கும் எண்தான். கையேட்டில் முழு மடக்கில் கவிழும் எடை எவ்வளவு என்று பாருங்கள். வீல் லோடர்களில் பக்கெட்டுக்குப் பாதுகாப்பான பாரமாகச் சொல்வது அந்த எண்ணில் பாதி. நீங்கள் தூக்க நினைக்கும் கட்டு 300 கிலோ என்றால், முழு மடக்கில் 600 கிலோவாவது தாங்கும் வண்டி வேண்டும். மேடுபள்ளமான நிலத்தில் இன்னும் கூடுதலாக.

வண்டிக்கு முன் கருவியைப் பாருங்கள்

பலர் கவிழ்வது இந்த இடத்தில். வண்டி மட்டும் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டு, பக்கெட்டும் ஃபோர்க்கும் புல்வெட்டியும் தனித்தனியாக வாங்கப் போனால் மொத்தச் செலவு வண்டி விலையையே தாண்டலாம். அவான்ட் மாட்டும் தட்டு ஒரு மாதிரி, பவர் ட்ராக் வேறு மாதிரி. வென்ட்ராக், ஸ்டைனர் இரண்டிலும் முன்பக்கம் மாட்டும் முறை அவற்றுக்கே உரியது, கருவிகளுக்கு பெல்ட் மூலம் சக்தி போகும். சாதாரண டிராக்டரின் 540 சுற்று கருவியை அப்படியே கொண்டுவந்து இதில் மாட்ட முடியாது. அடாப்டர் தட்டுகள் கிடைக்கின்றன, ஆனால் ஒவ்வொரு அடாப்டரும் பாரத்தை இன்னும் முன்னால் தள்ளும். தூக்கும் திறன் அங்கேயே கொஞ்சம் போய்விடும்.

ஆகவே கருவிகளோடு சேர்த்து விற்பவரைத் தேடுங்கள். விலை கூடத் தெரிந்தாலும் கணக்குப் போட்டால் அதுதான் லாபம். கருவியைத் தனியாகவும் சோதியுங்கள். புல்வெட்டியின் தண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள், பேரிங்கில் ஆட்டம் இருந்தால் தெரியும். பக்கெட்டின் வெட்டும் விளிம்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, மாட்டும் கொக்கியின் துளை நீண்டுவிட்டதா என்பதையும் பாருங்கள்.

ஹைட்ராலிக்கில் ஓடும் கருவிக்கு இரண்டு எண்கள் முக்கியம்: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வேண்டும், எத்தனை பார் அழுத்தம் வேண்டும். வண்டியின் துணை ஹைட்ராலிக் அதைத் தருகிறதா என்று பாருங்கள். அழுத்தம் போதாவிட்டால் கருவி பாரத்தில் நின்றுவிடும். லிட்டர் போதாவிட்டால் சுற்றும், ஆனால் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றும் புல்வெட்டி வெட்டாது, புல்லைக் கசக்கும்.

கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

சீரியல் எண் தகட்டின் படம், மணி மீட்டரின் (எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டுவது) படம், நடு மூட்டின் அருகாமைப் படம் மூன்றையும் அனுப்பச் சொல்லுங்கள். மூட்டின் படத்தைக் கேட்டதும் விற்பவர் எதைப் படம் எடுக்க வேண்டும் என்று தெரியாமல் தடுமாறினால், அங்கே கிரீஸ் கன் போனதே இல்லை என்று ஊகிக்கலாம். சீரியல் எண்ணை வைத்து டீலரிடமோ தயாரிப்பாளரிடமோ தயாரித்த ஆண்டையும் பாகம் கிடைக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஸ்டீயரிங் சிலிண்டரின் சீல் செட், மூட்டின் பின்னும் அதைச் சுற்றி உட்காரும் உலோக வளையமான புஷ்ஷும், ஒரு சக்கர மோட்டார், ஹைட்ராலிக் பம்ப். இந்த நான்குக்கும் விலையும் எத்தனை நாளில் வரும் என்பதும் தெரிந்த பிறகு வண்டி பார்க்கப் போனால் பேரம் பேசும்போது கை ஓங்கியிருக்கும்.

நான் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். வண்டி எங்கே வேலை செய்தது என்றும் கேளுங்கள். பன்றி, கோழிப் பண்ணையில் எரு அள்ளிய வண்டிக்கு அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்து மின் இணைப்புகளையும் தகடுகளையும் அரித்திருக்கும். வாடகைக்கு ஓடிய வண்டியில் மணி குறைவாக இருந்தாலும் அடி அதிகம். நகராட்சி, பூங்காப் பராமரிப்பில் இருந்தது என்றால் மணி அதிகமாக இருக்கும், ஆனால் சர்வீஸ் புத்தகமும் இருக்கும். என்னைக் கேட்டால் புத்தகம் உள்ள 2,500 மணி வண்டியைத்தான், கதை மட்டும் உள்ள 800 மணி வண்டிக்கு முன்னால் வைப்பேன்.

மூட்டு

அரை மணி நேரம் இதற்கே ஒதுக்குங்கள். முதலில் ஒரு எச்சரிக்கை: எஞ்சின் ஓடும்போது இரண்டு பாதிக்கும் நடுவே கை, கால், தலை எதையும் நுழைக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை யாராவது லேசாகத் தொட்டாலும் அந்த இடைவெளி மூடிக்கொள்ளும், எலும்பு தாங்காது. நல்ல வண்டியில் மடங்காமல் பூட்டி வைக்க ஒரு இரும்புத் தண்டு இருக்கும். அது தொலைந்து போயிருந்தால் விலையில் குறைக்கச் சொல்லுங்கள், வாங்கியதும் முதல் வேலையாகப் புதிது வாங்குங்கள்.

எஞ்சின் நின்றிருக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய கிரீஸ் மூட்டைச் சுற்றிக் கறுப்பாகப் பிதுங்கி நின்றால் நல்ல அறிகுறி, யாரோ தொடர்ந்து கிரீஸ் அடித்திருக்கிறார்கள். உலர்ந்து, செந்நிறத் துரு தூளாக உதிர்ந்திருந்தால் உள்ளே உலோகம் உலோகத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. கிரீஸ் நிப்பிள்கள் எல்லாம் இருக்கின்றனவா, கிரீஸ் ஏறுகிறதா என்று அவர்களின் கன்னாலேயே அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான கையேடுகள் இந்த மூட்டுக்குத் தினமும் அல்லது பத்து மணிக்கு ஒருமுறை கிரீஸ் கேட்கின்றன. வாரம் ஒருமுறை அடித்தேன் என்று பெருமையாகச் சொல்பவரிடம் வாதம் வேண்டாம், குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வெல்டிங். மூட்டைத் தாங்கும் தகடுகளின் ஓரத்தையும் ஸ்டீயரிங் சிலிண்டர் மாட்டியிருக்கும் காதுகளையும் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். விரிசல் மெல்லிய துருக்கோடாகத்தான் முதலில் தெரியும். அந்த இடத்தில் மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். வண்டி முழுக்க அடித்திருந்தாலும் கேளுங்கள்.

இப்போது ஆட்டம் பார்க்க வேண்டும். செல்போனை வீடியோவில் போட்டு, மூட்டு தெளிவாகத் தெரியும்படி பாதுகாப்பான தூரத்தில் தரையில் வையுங்கள். ஒருவர் சீட்டில் அமர்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஓரிரு அங்குலம் மட்டும் திருப்பட்டும். சக்கரம் அசைவதற்குள் மூட்டின் பின்னும் புஷ்ஷும் தங்களுக்குள் ஆடினால் வீடியோவில் துல்லியமாகத் தெரியும். பிறகு பக்கெட்டைத் தரையில் அழுத்தி முன் சக்கரங்களை லேசாகத் தூக்கி இறக்குங்கள். மேல் தகட்டுக்கும் கீழ்த் தகட்டுக்கும் நடுவே டொக் என்று சத்தம் வந்தால் செங்குத்தாகவும் தேய்ந்திருக்கிறது. சாயும் அசைவு உள்ள வண்டியில் ஒரு முன் சக்கரத்தை மரக்கட்டையில் ஏற்றி, எஞ்சினை நிறுத்திவிட்டு, கடப்பாரையால் முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள்.

ஆட்டம் இருந்தாலே வாங்கக் கூடாது என்றில்லை. பின்னும் புஷ்ஷும் தேயத்தான் செய்யும், மாற்றத்தான் அவை. கேட்க வேண்டிய கேள்வி, துளை எப்படி இருக்கிறது என்பது. புஷ் உட்காரும் துளையே நீள்வட்டமாகிவிட்டால் வண்டியை இரண்டாகப் பிரித்து, துளையை வெல்டால் நிரப்பி, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் வருமாறு கடைய வேண்டும். செய்யக்கூடிய வேலைதான், ஆனால் அதற்கான கருவி உள்ளவர் உங்கள் பக்கத்தில் இருக்கிறாரா, எவ்வளவு கேட்பார் என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூட்டின் வழியாகப் போகும் ஹோஸ்களையும் ஒயர்களையும் மறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவை வளைந்து நிமிர்கின்றன. வண்டியை முழுதாக ஒரு பக்கம் மடக்கி, எஞ்சினை நிறுத்தி, ரப்பர் உரசி உள்ளே கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். மறுபக்கமும் அப்படியே. இனம் புரியாத மின்கோளாறு என்று விற்பவர் சொன்னால் ஒயர் அறுந்திருப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஹைட்ராலிக்: சூடானால்தான் உண்மை வெளிவரும்

லோடர் வகையில் ஸ்டீயரிங், தூக்குவது, ஓடுவது எல்லாமே எண்ணெயின் வேலை. எஞ்சின் பம்பைச் சுற்றும், பம்ப் எண்ணெயைத் தள்ளும், அது சக்கர மோட்டாரைச் சுற்றும். வேறு சில வண்டிகளில் பம்பும் மோட்டாரும் ஒன்றாக அமைந்த ஒரே ஹைட்ரோஸ்டாட்டிக் பெட்டி, அதன் பிறகு சாதாரண அச்சு. எதுவானாலும் பம்பும் மோட்டாரும் உள்ளே தேய்ந்துவிட்டால், எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. சூடாகி நீர்த்ததும் இடுக்குகளில் நழுவிப் போய்விடும், இழுவை குறையும். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு திரும்புவது வீண்.

முக்கால் மணி நேரமாவது வேலை வாங்குங்கள். மண் மேட்டில் பக்கெட்டைக் குத்தி அள்ளுங்கள், சரிவில் ஏறுங்கள். சரிவின் நடுவில் நிறுத்தி மறுபடி கிளப்புங்கள், முன்னால் ஒருமுறை, ரிவர்ஸில் ஒருமுறை. ஆரம்பத்தில் ஏறிய அதே சரிவில் சூடான பிறகு திணறினால் பம்ப் அல்லது மோட்டார் தேய்ந்திருக்கிறது. அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று கையில் வைத்திருங்கள். ஓட்டி முடித்ததும் நான்கு சக்கர மோட்டாரின் வெப்பத்தையும் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நன்றாகச் சுட்டால், அதற்குள் எண்ணெய் வீணாக நழுவிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஹைட்ராலிக் மெக்கானிக் ஒருவர் கூட வந்தால் மோட்டாரின் கசிவுக் குழாயைக் கழற்றி, நிமிடத்துக்கு எவ்வளவு எண்ணெய் வருகிறது என்று அளந்து உறுதியாகவே சொல்லிவிடுவார்.

பக்கெட்டில் பாரம் வைத்து உயர்த்தி, எஞ்சினை நிறுத்திவிட்டு எட்ட நின்று ஐந்து நிமிடம் கவனியுங்கள். அடியில் யாரும் நிற்க வேண்டாம். கண்ணெதிரே இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ கசிகிறது. சீல் சின்னச் செலவு. சிலிண்டர் தண்டில் கீறலும் துருப்புள்ளியும் இருந்தால் புது சீலையும் அது கிழித்துவிடும்.

எண்ணெயின் நிறமும் பேசும். பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஒரு வெள்ளைத் துணியில் நான்கு சொட்டு விட்டு வெயிலில் பாருங்கள், பொன்துகள் போல மினுமினுத்தால் உலோகம். அப்படியே வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பலாம், ஏனென்றால் அந்தத் துகள் ஒரே பாகத்தில் நிற்காது, எண்ணெய் போகும் இடமெல்லாம் போயிருக்கும்.

கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசித்துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்கச் சின்னக் குத்து போலத்தான் இருக்கும், ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம் அது. அட்டைத் துண்டைக் காட்டித் தேடுங்கள்.

கியர் வண்டி என்றால்

இத்தாலிய வகையில் இழுவை எண்ணெயில் அல்ல, தண்டில் போகிறது. நடு மூட்டுக்குள்ளேயே ஒரு டிரைவ் தண்டு, அதில் மடங்கும் ஜாயின்ட். வெறும் தரையில் 8 வடிவத்தில் மெதுவாக ஓட்டிக் கேளுங்கள். முழு மடக்கில் டக் டக் என்று சத்தம் வந்தால் அந்த ஜாயின்ட் முடிகிறது. எல்லா கியரையும் போடுங்கள், பாரத்தில் கியர் தானாக நழுவுகிறதா என்று பாருங்கள். முன்–பின் மாற்றும் லீவர் கரகரத்தால் அடிக்கடி முன்னும் பின்னும் போய்த் தேய்ந்திருக்கிறது என்று பொருள். கிளட்சுக்காக வண்டியைப் பிரிக்கும் வேலை சாதாரண டிராக்டரைவிடச் சிரமம், கூலியும் அதற்கேற்ப. இவற்றில் எஞ்சின் முன் அச்சுக்கும் முன்னால் தொங்குவதால், பின்னால் கருவி இல்லாதபோது எடையில் பெரும்பங்கு முன்னால்தான். கருவி மாட்டினால் சமன் ஆகிவிடும். அதனால் கருவியோடும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இனி எஞ்சின்

போனதும் எஞ்சின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. குளிர்ந்த நிலையில் டீசல், ஸ்டார்ட்டுக்கு முன் சூடேற்றும் க்ளோ பிளக்கைச் சில நொடி போட்ட பிறகு பிடிக்க வேண்டும். ஆரம்பத்தில் கொஞ்சம் வெண்புகை பரவாயில்லை. சூடான பிறகும் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென வந்தால் பிஸ்டன் ரிங் தளர்ந்திருக்கிறது.

ரேடியேட்டரை விடாதீர்கள். லோடர், புல்வெளி வகைகளில் எஞ்சின் பின்னால் இருக்க, புல்தூசு முழுவதும் அங்கேதான் போய் அடையும். அடைபட்ட ரேடியேட்டரோடு வருடக்கணக்கில் ஓடிய எஞ்சின் எத்தனை முறை சூடேறியது என்று எந்த மீட்டரும் சொல்லாது. தண்ணீரில் எண்ணெய்ப் படலம், ஹெட்டைச் சுற்றிக் கசிவுத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தயாரித்த ஆண்டு இங்கே முக்கியம். 25 குதிரைத்திறனுக்கு மேல் போகும் டீசல்களுக்கு அமெரிக்காவில் 2013 முதலும், ஐரோப்பாவில் ஸ்டேஜ் 5 விதியால் 2019 முதலும் புகைவிதி கடுமையானது. அந்த அளவுக்கு மேலுள்ள புதிய வண்டிகளில் பெரும்பாலும் சைலென்சரில் கரித்துகள் வடிகட்டி இருக்கும். கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தி, மறுபடி ஓட்டி நிறுத்துகிற பண்ணை வேலைக்கு அது ஒரு தலைவலி, சூடேறாமல் அடைத்துக்கொள்ளும். 25-க்குக் கொஞ்சம் கீழே நிறைய மாடல்கள் வந்து நிற்பதற்கு இந்த விதி ஒரு பெரிய காரணம். சிறு பண்ணைக்கு அந்த அளவே போதும்.

பெட்ரோல் எஞ்சின் வண்டிகளும் உண்டு, இரட்டைச் சிலிண்டர், காற்றில் குளிர்வது. மலிவு, எடை குறைவு. ஆனால் மணிக்கணக்கில் டீசலின் ஆயுளோடு போட்டி போட முடியாது. 1,500 மணி தாண்டிய பெட்ரோல் எஞ்சினுக்கு மாற்று எஞ்சின் விலையைக் கழித்துவிட்டே பேசுங்கள்.

மணி மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். பெடல் ரப்பர், சீட் ஓரம், லீவர் பிடி, கருவி மாட்டும் பின்களின் தேய்மானம் எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். 600 மணி காட்டும் வண்டியில் பெடல் இரும்பு பளபளக்கக் கூடாது.

மீதி

நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். கியர் வண்டியில் முன்னும் பின்னும் வேறுபட்டால் அச்சுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். டயருக்குள் எடைக்காக உப்புக்கரைசல் நிரப்பியிருந்தால் வால்வைச் சுற்றி ரிம் துருப்பிடித்திருக்கும். பார்க்கிங் பிரேக்கைச் சரிவில் சோதிக்க வேண்டும், ஹைட்ராலிக் ஓட்டம் உள்ள வண்டி எஞ்சின் நின்றதும் மெதுவாக ஊரும். கவிழ்ந்தால் காக்கும் உருட்டுச் சட்டம் இருக்கிறதா, வெல்டு செய்து ஒட்டியதா, சீட் பெல்ட் பூட்டுகிறதா என்று பாருங்கள். சீட்டிலிருந்து எழுந்தால் எஞ்சினை நிறுத்த வேண்டிய பாதுகாப்பு ஸ்விட்ச்சை யாராவது ஒயரால் முடிச்சுப் போட்டிருந்தால், வேறு என்னென்ன முடிச்சுப் போட்டிருக்கிறார் என்று தேடிப் பார்க்க வேண்டியதுதான்.

விலையும் காகிதமும்

கண்ட குறைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே நீங்கள் முன்பே விசாரித்த பாக விலையையும் கூலியையும் போடுங்கள். அந்தத் தாளை விற்பவர் முன் வைத்துப் பேசுங்கள். பொத்தாம்பொதுவாகக் குறைத்துக் கொடுங்கள் என்பதைவிட இது நன்றாக வேலை செய்யும், மனக்கசப்பும் வராது. டீலரிடம் வாங்கினால் விலை கூடும், பதிலாக எழுத்தில் ஒரு உத்தரவாதமாவது கேட்கலாம். ஏலத்தில் சூடாகும்வரை ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். அதனால் ஹைட்ராலிக் வண்டியை ஏலத்தில் எடுக்க நான் சொல்ல மாட்டேன், பம்ப் விலையை இழக்கத் தயாராக இருந்தால் ஒழிய.

வண்டியின் இரும்புச் சட்டத்தில் பொறித்த சீரியல் எண்ணும் தகட்டு எண்ணும் காகித எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கடன் பாக்கி இல்லை என்பதற்கு எழுத்து வேண்டும். உபயோகக் கையேடு, பாகப் பட்டியல் புத்தகம் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பழைய மாடலுக்கு அந்தப் பட்டியல் புத்தகம் ஒரு கருவிக்குச் சமம்.

ஏற்றி வருவதும் முதல் பராமரிப்பும்

வண்டியின் எடையோடு கருவிகளின் எடையையும் கூட்டி, டிரெய்லர் தாங்குமா என்று பாருங்கள். ஏற்றியதும் மூட்டுப் பூட்டைப் போடுங்கள். கட்டும்போது முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். ஒரு பாதியை மட்டும் கட்டினால் வழியில் மற்றது மடங்கும், கட்டு தளரும்.

வந்து சேர்ந்ததும் வேலையில் இறக்காமல் எஞ்சின் ஆயில், ஹைட்ராலிக் எண்ணெய், எல்லா வடிகட்டிகளையும் மாற்றுங்கள். எண்ணெய் கையேட்டில் சொன்ன தரமே வேண்டும். சில தயாரிப்பாளர்கள் ஹைட்ராலிக்குக்கே எஞ்சின் ஆயிலைத்தான் சொல்கிறார்கள், சிலர் தங்கள் சொந்த எண்ணெயை மட்டும். இருக்கிறதோடு எதையாவது கலந்து ஊற்றாதீர்கள். கழற்றிய ஹைட்ராலிக் வடிகட்டியை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு இருந்தால் கவலை வேண்டாம். பித்தளைத் துகளோ இரும்புச் சில்லோ இருந்தால் 50 மணியில் மறுபடி மாற்றி மறுபடி அறுத்துப் பாருங்கள். இரண்டாவது வடிகட்டியிலும் அதே அளவு வந்தால் பம்பைக் கழற்றிக் காட்டும் நேரம் வந்துவிட்டது.